குளமும் ஈரநிலமே: புந்தேல்கண்டின் வறட்சியும் விவசாயிகளின் நீருரிமையும்

(விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2016 ஆம் ஆண்டு மே மாதத்தில், உத்தரப்பிரதேசத்தின் ஜான்சிக்குத் தண்ணீர்த் தொட்டிகள் பொருத்திய சரக்கு ரயில் ஒன்று வந்து நின்றது. வறட்சியால் வாடிய மகோபா மாவட்டத்துக்காக ஒன்றிய அரசு அனுப்பிய ரயில் அது. அதற்கு முந்தைய மாதத்தில் மகாராஷ்டிரத்தின் மிரஜிலிருந்து லாத்தூர் நகருக்கு ரயிலில் குடிநீர் கொண்டு செல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டிருந்தது. புந்தேல்கண்டுக்கும் அதே உதவி என்று அறிவிக்கப்பட்டது. மாநில அரசோ ரயில் தேவையில்லை என்றது. தண்ணீர் இருக்கிறது, ஊர்களுக்குக் கொண்டு சேர்க்கும் தொட்டி லாரிகளே தேவை என்றது. இறுதியில் தொட்டிகளைச் சோதித்துப் பார்த்தபோது அவை காலியாக இருந்தன. உள்ளூரில் நிரப்பி அனுப்புவதே திட்டம் என விளக்கம் தரப்பட்டது.

இரண்டு அரசுகளுக்கும் இடையிலான வாக்குவாதம் சில நாட்கள் நாளேடுகளை நிறைத்தது. ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வியை இரு தரப்பும் கேட்கவில்லை. மகோபா நகரைச் சுற்றி ராகிலா சாகர், விஜய சாகர், கீரத் சாகர், மதன சாகர் எனும் பெருங்குளங்கள் இருக்கின்றன. சந்தேல மன்னர்கள் காலத்தில் கட்டப்பட்டு, 800 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்பவை அவை. மாவட்டத்தின் சிற்றூர்களிலும் குளங்கள் உண்டு. குளங்களால் சூழப்பட்ட ஓர் ஊர், ரயிலில் வரும் தண்ணீருக்காகக் காத்திருக்கும் நிலைக்கு எவ்வாறு வந்தது? இந்த உரையின் பொருள் இதுவே.

வறட்சியின் வேர்

புந்தேல்கண்ட் என்பது உத்தரப்பிரதேசத்திலும் மத்தியப்பிரதேசத்திலும் பரவியுள்ள நிலப்பகுதி. உத்தரப்பிரதேசத்தில் ஜான்சி, ஜாலோன், லலித்பூர், ஹமீர்பூர், மகோபா, பாந்தா, சித்ரகூட் ஆகிய 7 மாவட்டங்கள். மத்தியப்பிரதேசத்தில் ததியா, டீகம்கட், சத்தர்பூர், பன்னா, தமோ, சாகர் ஆகியவையும், 2018 இல் டீகம்கட்டிலிருந்து பிரிக்கப்பட்ட நிவாரியும். பேத்வா, கேன், தசான் ஆகிய ஆறுகள் இப்பகுதியைக் கடந்து யமுனையை நோக்கிச் செல்கின்றன.

இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி மழையளவுக்கு இது வெகுவாகக் குறைந்ததன்று. ஆயினும் ஏறத்தாழ முழு மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இப்பகுதியின் பெரும் பரப்பில் நிலத்துக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதன்மேல் மண்ணும், சிதைந்த பாறையும் கொண்ட மெல்லிய அடுக்கு மட்டுமே நீரை வாங்கி வைத்திருக்கிறது. இந்த அடுக்கு விரைவில் நிரம்பிவிடும்; விரைவில் வற்றியும் விடும். சரிவுகளில் உள்ள செம்மண் நிலங்களில் மழைநீர் நிற்பதே இல்லை. பெய்த நீரை அங்கங்கே தடுத்து நிறுத்தாவிட்டால் அடுத்த சில நாட்களில் அது யமுனையைச் சேர்ந்துவிடும்.

ஆகவே இப்பகுதியில் வேளாண்மை செய்த மக்கள் ஓர் உண்மையை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். மழையின் அளவைக் காட்டிலும் அது தங்கியிருக்கும் காலமே வாழ்வைத் தீர்மானிக்கிறது. இரு குன்றுகளுக்கு இடையே கல்லும் மண்ணும் கொண்டு கரை எழுப்பி, சரிவில் வரும் நீரை மறித்தால் குளம் உருவாகும். 9 ஆம் நூற்றாண்டு முதல் 13 ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட சந்தேலர் காலத்தில் இந்த முறையில் ஏராளமான குளங்கள் அமைந்தன. பின்னர் வந்த புந்தேல அரசர்களும் அதைத் தொடர்ந்தனர். ஜான்சிக்கு அருகிலுள்ள பருவா சாகர் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

குளம் செய்யும் வேலை

குளத்தை நீர் தேக்கும் பாத்திரமாக மட்டும் காண்பது அரசுப் பொறியாளரின் பார்வை. எத்தனை ஏக்கருக்குப் பாசனம் என்ற ஒரே அளவுகோலால் அவர் அதை அளக்கிறார். விவசாயிக்கு அது வேறு பல வேலைகளையும் செய்கிறது.

முதலாவது, குளத்தில் நிற்கும் நீர் மெல்லக் கீழிறங்கிக் கரைக்கு அப்பால் உள்ள கிணறுகளில் ஊறுகிறது. கடும்பாறைப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடுவது சூதாட்டம். பாறையில் வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், இல்லையேல் கடன். புந்தேல்கண்டின் சிறு விவசாயி நம்பியிருப்பது ஆழமற்ற வெட்டுக் கிணற்றை. அந்தக் கிணற்றில் தை, மாசி மாதங்களில் தண்ணீர் இருந்தால்தான் கோதுமையும் கடலையும் கதிர் பிடிக்கும். இரண்டாவது, கோடையில் நீர் வற்றி வரும்போது வெளிப்படும் குளத்து நிலத்தில் புல் முளைக்கிறது. கால்நடைகளுக்கு அதுவே தீவனம். மூன்றாவது, குளத்தில் படியும் வண்டல் அள்ளப்பட்டு வயல்களுக்கு உரமாகிறது. நான்காவது, மீனும் தாமரைத் தண்டும் சிங்காடா எனும் நீர்க்கொட்டையும் நிலமற்ற குடும்பங்களுக்குப் பிழைப்பு அளிக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற மகோபாவின் தேசாவரி வெற்றிலைக்கும் அடிப்படை நீரும் ஈரமுமே.

வானிலை சீராக உள்ள ஆண்டில் இவற்றின் அருமை தெரிவதில்லை. மழை பொய்க்கும் ஆண்டில்தான் தெரிகிறது. குளம் தூர்ந்த ஊரில் முதலில் வற்றுவது சிறு விவசாயியின் கிணறு. வசதி படைத்தவர் தமது கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறார். அதனால் அடுத்த வயலின் கிணறும் வற்றுகிறது. நிலத்தின் உடைமையாளருக்கே நிலத்தடி நீரும் உரியது எனக் கருதும் 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் மரபு இதற்குத் துணை நிற்கிறது. தீவனமும் நீரும் இல்லாதபோது மாடுகளை அவிழ்த்து விட்டுவிடும் 'அன்னா' வழக்கம் வலுக்கிறது. அவிழ்த்து விடப்பட்ட மாடுகள் எஞ்சியிருக்கும் பயிரையும் மேய்ந்துவிடுகின்றன. இறுதியில் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு டெல்லிக்கோ சூரத்துக்கோ கட்டுமான வேலைக்கும் கூலி வேலைக்கும் புறப்படுகிறது. ஒரு குளத்தின் அழிவு இத்தனை படிகளைக் கடந்து ஒரு தொழிலாளியை உருவாக்குகிறது.

குளம் யாருடையது?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மன்னர்கள் குளம் வெட்டினர், மக்கள் மகிழ்ந்து வாழ்ந்தனர் என்று பழம்பெருமை பேசுவோர் உண்டு. அந்தக் கரைகளைச் சுமந்து எழுப்பியது உழைக்கும் மக்களின் தோள்கள். பாசனத்தின் முதற்பலன் நிலவுடைமையாளருக்குச் சென்றது. ஒரே குளத்தில் எந்தப் படித்துறையை எந்தச் சாதி பயன்படுத்தலாம் என்ற தடையும் நிலவியது. பழைய குளத்தைக் காப்பது என்பது பழைய அதிகாரத்தைக் காப்பதாக ஆகிவிடக் கூடாது.

விடுதலைக்குப் பிறகு ஒரு வாய்ப்புப் பிறந்தது. 1950 ஆம் ஆண்டின் உத்தரப்பிரதேச ஜமீன்தாரி ஒழிப்பு, நிலச்சீர்திருத்தச் சட்டம் குளங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கிராம சபையிடம் ஒப்படைத்தது. அச்சட்டத்தின் 132 ஆம் பிரிவு, மேய்ச்சல் நிலத்திலும் நீர் சூழ்ந்த நிலத்திலும் தனிநபர் உடைமையுரிமை உருவாகாது என்றது. சிங்காடாவும் பிற விளைபொருளும் விளையும் நீர்நிலம் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது. குளம் பொதுச் சொத்து என்பதும், அதில் ஏழையின் பிழைப்பு அடங்கியுள்ளது என்பதும் சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெற்றன.

வாசகம் நின்றது, நடைமுறை வேறு வழியில் சென்றது. நிலச்சீர்திருத்தம் பாதியில் நின்றுபோன மாநிலத்தில், நிலவுடைமையாளரே கிராம சபையின் மீதும் ஆதிக்கம் செலுத்தினர். பொதுநிலமாக வந்து சேர்ந்த குளம், கரையோரத்தில் தொடங்கி ஏர் ஏராக உழப்பட்டது. வருவாய்ப் பதிவேட்டில் வகைப்பாடு மாற்றப்பட்டது, பட்டா வழங்கப்பட்டது. நகரங்களில் குளத்தின் நீர்வரத்துப் பாதையில் வீட்டுமனைகள் எழுந்தன.

டீகம்கட் மாவட்டத்தின் அனுபவம் இங்கு குறிப்பிடத்தக்கது. அங்குள்ள சந்தேலர் காலக் குளங்களில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் தீமர் சமூகத்து மீனவர்கள். மீன் குத்தகை வசதி படைத்தோரின் கைகளில் இருந்தபோது, தமது ஊர்க் குளத்திலேயே அவர்கள் கூலிகளாக்கப்பட்டனர். கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, குத்தகையைத் தமக்கு வழங்குமாறு கோரி அவர்கள் நடத்திய போராட்டம் 1990களில் பரவலாக அறியப்பட்டது. குளத்தில் நீர் நிற்பதால் நேரடியாகப் பயனடையும் மக்கள், அதன் கரையையும் மதகையும் காப்பதில் முன்நிற்பார்கள். குளத்தை உழுதுகொள்ள நினைப்பவருக்கோ அதில் நீர் நிற்பதே இடையூறு. நீர்நிலையைக் காப்பது அதன் மீதான உரிமை யாரிடம் உள்ளது என்ற கேள்வியோடு இணைந்திருப்பதன் காரணம் இதுவே.

2001 இல் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், குளங்கள் சமுதாயத்தின் பொது வளங்கள் எனக் கூறி, குளத்து நிலத்தில் செய்யப்பட்ட ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தது. அதுவும் உத்தரப்பிரதேசத்து ஊர் ஒன்றின் குளம் பற்றிய வழக்குதான். 2011 இல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்புகள் நல்லவை. ஆனால் அவற்றை நிறைவேற்ற வேண்டிய வட்டாட்சியர் அலுவலகத்தில் யாருடைய குரல் செல்லுபடியாகிறது என்பதைத் தீர்ப்புகள் மாற்றிவிடவில்லை.

ஒரு வரையறை மாறிய கதை

இனி, ஈரநிலங்களுக்கெனத் தனியாக உள்ள விதிகளைக் காண்போம்.

ஈரநிலங்கள் பற்றிய ராம்சர் உடன்படிக்கை 1971 இல் உருவானது. இந்தியா 1982 இல் அதில் இணைந்தது. இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நீர் நிற்கும் நிலம் அனைத்தும் ஈரநிலமே என்பது அந்த உடன்படிக்கையின் வரையறை. 2010 இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஈரநில விதிகள் இந்த வரையறையைப் பின்பற்றின. ஏரி, நீர்த்தேக்கம், குளம் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன.

2017 செப்டம்பரில் அந்த விதிகள் நீக்கப்பட்டுப் புதியவை வந்தன. வரையறையின் முற்பகுதி அப்படியே இருக்கிறது. இறுதியில் விலக்குகள் நீண்டுவிட்டன. ஆற்றுப் படுகைகள், நெல் வயல்கள் ஆகியவற்றோடு, குடிநீருக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளும், பாசனத்துக்காகவும் மீன்வளர்ப்புக்காகவும் உப்பு உற்பத்திக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் அமைக்கப்பட்ட கட்டமைப்புகளும் ஈரநிலம் ஆகமாட்டா என்று அவை கூறுகின்றன.

இதன் விளைவைச் சிந்திக்க வேண்டும். ஈரநிலம் எனக் கொள்ளப்பட்டால், அதை வேறு பயனுக்கு மாற்றுவதும் ஆக்கிரமிப்பதும் தடைசெய்யப்படும். ஆலை அமைத்தல், குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவுநீரை விடுதல், உயர்வெள்ள எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்புதல் ஆகியவையும் தடைசெய்யப்படும். வறட்சிப் பகுதியின் நீர்நிலைகள் பெரும்பாலும் மனிதர் அமைத்தவை. அதுவும் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் அமைத்தவை. யாருக்கு நீர்நிலை மிக இன்றியமையாததோ, அவருடைய நீர்நிலையே இந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது.

இது சிறிய எண்ணிக்கை அன்று. ஒன்றிய ஜல்சக்தி அமைச்சகம் 2023 இல் வெளியிட்ட முதலாவது நீர்நிலைகள் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன. அவற்றில் 78 விழுக்காடு மனிதர் அமைத்தவை. 3,94,500 நீர்நிலைகள் பயன்பாட்டில் இல்லை. ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை 1.6 விழுக்காடு மட்டுமே என்கிறது அதே அறிக்கை. ஆனால் முழுவதுமாக உழப்பட்டு, வயலாகவோ மனையாகவோ பதிவாகிவிட்ட குளம் நீர்நிலைக் கணக்கெடுப்பில் தோன்றுவதற்கு வழியில்லை. காணாமற்போனதைக் கணக்கெடுக்காத கணக்கு அது.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் 2011 இல் பட்டியலிடப்பட்ட 2,01,503 ஈரநிலங்களும் விதிகளின் நெறிப்படி காக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. அந்தப் பட்டியல் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்கு உரியது. அதனினும் சிறிய 5,55,557 ஈரநிலங்கள் தனியே எண்ணப்பட்டிருந்தன. அப்பட்டியலில் குளங்களும் நீர்த்தேக்கங்களும் அடக்கம். அதே ஆண்டு வந்த விதிகளோ அவற்றை வெளியேற்றுகின்றன. நீதிமன்றத்தின் பட்டியலுக்கும் அமைச்சகத்தின் வரையறைக்கும் இடையில் ஊர்க்குளம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

மறுபுறம், ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்திய ஈரநிலங்கள் 2014 இல் 26 ஆக இருந்தன; 2025 இல் 90ஐக் கடந்துவிட்டன. இது சாதனையாகப் பறைசாற்றப்படுகிறது. பட்டியலில் இடம்பெற்றவை காக்கப்படுவது வரவேற்கத்தக்கதே. தமிழ்நாட்டு வாசகர் அறிந்த வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகள்தாம். பறவைகள் வந்து தங்குவதால் அவை ராம்சர் தகுதி பெற்றன. அதனால் விதிகள் அவற்றுக்குப் பொருந்துகின்றன. அதே மண்ணில், அதே முறையில் வெட்டப்பட்டு, மனிதர்கள் மட்டுமே நம்பி வாழும் பக்கத்து ஊர் ஏரிக்கு அப்பாதுகாப்பு இல்லை. மகோபாவிலும் விஜய சாகர் பறவைச் சரணாலயம் என்பதால் வனத்துறையின் கவனத்தைப் பெறுகிறது. பறவைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே நீரை நம்பிய உழவருக்கும் மீனவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே விவசாய இயக்கத்தின் வாதம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல.

குன்றும் குளமும்

குளத்தின் எல்லை அதன் கரையோடு முடிவதில்லை. நீர் வரும் குன்றும் சரிவும் குளத்தின் பகுதியே. மகோபா மாவட்டத்தின் கப்ரயீ, வட இந்தியாவின் பெரிய கல்லுடைக்கும் மையங்களுள் ஒன்று. சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லி வழங்க அங்கு குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. குன்று இருந்த இடத்தில் பள்ளம் விழுகிறது. குளத்துக்கு வர வேண்டிய நீர் திசை மாறுகிறது. வருவதோடு கல்தூளும் வருகிறது. அந்தத் தூளே வயல்களிலும் தொழிலாளர்களின் நுரையீரலிலும் படிகிறது. பாந்தா மாவட்டத்தில் கேன் ஆற்றின் மணல் அள்ளப்படுகிறது. மணல் போன ஆறு, தன் கரையோரக் கிணறுகளுக்கு நீர் ஊட்டும் ஆற்றலை இழக்கிறது.

கல்லுடைக்கும் ஆலையில் வேலை செய்பவர் பலர், கிணறு வற்றிய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. குளத்தை அழிக்கும் தொழில், குளம் அழிந்ததால் வேலை தேடி வருபவரைக் கூலிக்கு அமர்த்துகிறது. அவரிடம் சென்று சுற்றுச்சூழல் பற்றி மட்டும் பேசினால் அவர் காதில் அது ஏறாது. தூசியைக் கட்டுப்படுத்துதல், நியாயமான கூலி, மாற்று வேலை, நீர்ப்பிடிப்புக் குன்றுகளில் குவாரிக்குத் தடை ஆகிய கோரிக்கைகள் ஒன்றாகவே எழுப்பப்பட வேண்டும்.

பெரும் அணையா, ஊர்க்குளமா?

புந்தேல்கண்டுக்காக எதுவும் செய்யப்படவில்லை என்று ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2009 இல் ஒன்றிய அரசு 7,266 கோடி ரூபாய் மதிப்பில் புந்தேல்கண்ட் சிறப்புத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த 7 ஆண்டுகளில் காலி ரயில் வந்து நின்றது. 2022 ஏப்ரலில் மாவட்டத்துக்கு 75 வீதம் 'அம்ரித் சரோவர்' குளங்கள் என்ற திட்டம் தொடங்கியது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஏக்கர் பரப்பும், ஏறத்தாழ 10,000 கனமீட்டர் கொள்ளளவும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. புதுக்குளம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் எண்ணிக்கைக்காகத் தோண்டப்படும் பள்ளம், நீர்வரத்து உள்ள பழைய குளத்துக்கு ஈடாகாது.

இப்போது இறுதித் தீர்வாக முன்வைக்கப்படுவது கேன்-பேத்வா இணைப்பு. 2021 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 44,605 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு இசைந்தது. 2024 டிசம்பர் 25 அன்று கஜுராஹோவில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கேன் ஆற்றின் குறுக்கே தௌதனில் 77 மீட்டர் உயர அணை. அங்கிருந்து பேத்வாவுக்கு 221 கிலோமீட்டர் நீளக் கால்வாய். 10.62 லட்சம் ஹெக்டேர் பாசனம் பெறும், 62 லட்சம் மக்களுக்குக் குடிநீர் கிடைக்கும் என்பது அரசின் கூற்று.

இதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது என்ன? பன்னா புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் ஒரு பகுதி நீரில் மூழ்கும். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அழியும். சத்தர்பூர், பன்னா மாவட்டங்களில் பழங்குடி மக்கள் உள்ளிட்டோர் வாழும் ஊர்கள் இடம்பெயர வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2019 இல் அளித்த அறிக்கையிலேயே, மாற்று வழிகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என்ற கேள்வியை எழுப்பியிருந்தது. அதற்கு உரிய விடை தரப்படாமலேயே பணி தொடங்கிவிட்டது.

கேனும் பேத்வாவும் அண்டை ஆறுகள். ஒரே பருவமழையே இரண்டுக்கும் ஊட்டம். பேத்வாவில் வறட்சி நிலவும் ஆண்டில் கேனில் வெள்ளம் பெருகும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை குறைவு. கால்வாய் நீர் முதலில் சென்று சேர்வதும் சமதளத்தில் பெருநிலம் வைத்திருப்போரையே. மேட்டுச் சரிவில் செம்மண் நிலம் வைத்திருக்கும் தலித், பழங்குடி விவசாயிக்கு மழைநீரை அவருடைய சரிவிலேயே நிறுத்தினால்தான் பயன். பெரும் அணைகள் எல்லாமே தீயவை என்பது இங்கு வாதமன்று. மக்களிடம் கேட்காமல், மாற்றுகளை ஆராயாமல், ஊர்க்குளங்களைக் கைவிட்டுவிட்டு அதற்கான சமாதானமாக ஓர் அணையைக் காட்டுவதே எதிர்க்கப்படுகிறது.

முடியும் என்பதற்குச் சான்று

ஜான்சி மாவட்டத்தின் பராசயீ-சிந்து சிற்றாற்றுப் பகுதியில் 3 சிற்றூர்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் பரப்பில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வேளாண்காடு வளர்ப்பு ஆய்வு நிறுவனமும் இக்ரிசாட் நிறுவனமும் 2011 முதல் ஒரு முயற்சியை மேற்கொண்டன. சரிவின் மேற்பகுதியில் மழைநீரைக் கரைகட்டித் தேக்கும் 'ஹவேலி' என்னும் பழைய முறை அங்கு உடைந்து கிடந்தது. அது சீரமைக்கப்பட்டது, ஓடைகளில் தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. வெட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது. குளிர்காலத்தில் தரிசாகக் கிடந்த நிலங்கள் விளைச்சலுக்கு வந்தன. அறிவியலும் ஊராரின் பட்டறிவும் சேர்ந்தால் இதே மண்ணில், இதே மழையில் என்ன இயலும் என்பதற்கு அது சான்று.

சட்டத்திலும் முன்மாதிரிகள் உண்டு. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008 இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒன்றிய விதிகள் விலக்கிவைக்கும் நெல் வயலையே அது காப்பின் மையத்தில் நிறுத்தியது. ஊராட்சித் தலைவரோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் அமரும் கண்காணிப்புக் குழுவை ஏற்படுத்தியது. அச்சட்டம் நடைமுறையில் சந்தித்த இடர்களும் 2018 இல் செய்யப்பட்ட திருத்தங்களும் விவாதத்துக்கு உரியவை. ஆயினும் உழும் நிலத்தையும் ஈரநிலத்தையும் ஒன்றாகக் காக்கச் சட்டம் இயற்ற முடியும் என்பதை அது நிறுவியது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு 2006 இல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலத்தில், நகரின் கழிவுநீரைக் கொண்டே மீனும் காய்கறியும் விளைவிக்கப்படுகின்றன. மனிதர் உழைப்பால் உருவான நீர்நிலையும் ஈரநிலமே என்பதற்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவதாக, 2017 ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் உள்ள பாசனக் குளம், குடிநீர்க் குளம் ஆகியவற்றுக்கான விலக்கு நீக்கப்பட வேண்டும். தூர்வாருதல், மதகு பழுதுபார்த்தல், மீன்பிடித்தல், பாசனம் ஆகிய மரபுரிமைகள் தடையின்றித் தொடர வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் வேலியிட்டு மக்களை வெளியேற்றும் நடைமுறைக்கு இடமளிக்கக் கூடாது.

இரண்டாவதாக, குளங்களின் எல்லை ஜமீன்தாரி ஒழிப்புக் காலத்து 1359 ஃபசலி, அதாவது 1951-52 ஆம் ஆண்டுப் பதிவேட்டின்படி அளந்து நடப்பட வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றும்போது பெரும் ஆக்கிரமிப்பாளரிடமிருந்து தொடங்க வேண்டும். குளத்துப் புறம்போக்கில் குடிசை போட்டு வாழும் நிலமற்றவருக்கு மாற்றிடம் தராமல் அவரை அகற்றக் கூடாது. நடைமுறையில் இயந்திரம் முதலில் ஏறுவது ஏழையின் குடிசை மீதுதான் என்பதை இயக்கம் மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, மீன், சிங்காடா, தாமரை ஆகியவற்றின் குத்தகை, அவற்றில் உழைக்கும் சமூகங்களின் கூட்டுறவுகளுக்கே வழங்கப்பட வேண்டும். அவற்றில் பெண்கள் உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் இடம்பெற வேண்டும். பல கிலோமீட்டர் நடந்து குடிநீர் சுமப்பவர்கள் அவர்களே.

நான்காவதாக, குளம் சீரமைக்கும் பணி உழைப்பாளிகளின் கைகளால், உறுதியளிக்கப்பட்ட கூலியோடு நடைபெற வேண்டும். இடதுசாரிகளின் அழுத்தத்தோடு 2005 இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு முதன்மை அளித்தது. 2025 டிசம்பரில் அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட சட்டம், பெரும்பாலான மாநிலங்களில் செலவின் 40 விழுக்காட்டை மாநிலங்களின் தலையில் சுமத்துகிறது. நிதி நெருக்கடியில் உள்ள மாநிலம் முதலில் வெட்டுவது இத்தகைய வேலைகளையே. ஆகவே வேலை உரிமைக்கான போராட்டமும் குளத்தைக் காக்கும் போராட்டமும் ஒன்றே.

ஐந்தாவதாக, குளங்களின் நீர்ப்பிடிப்புக் குன்றுகளில் கல்குவாரிகளுக்குப் புதிய உரிமம் வழங்கக் கூடாது. கேன்-பேத்வா திட்டம் பற்றி, இடம்பெயரும் மக்களின் கிராம சபைகளின் ஒப்புதலோடு வெளிப்படையான மறுஆய்வு நடத்தப்பட வேண்டும்.

தோழர்களே, ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மகோபாவின் கீரத் சாகர் கரையில் கஜலித் திருவிழா நடைபெறுகிறது. சுற்றுப்புற ஊர்களின் மக்கள் அந்தக் கரையில் கூடுகின்றனர். நூற்றாண்டுகள் கடந்தும் அக்குளம் மக்களின் நினைவில் வாழ்கிறது. ஆனால் நினைவு மட்டும் குளத்தைக் காக்காது. திருவிழாவுக்குக் கூடும் மக்கள், பதிவேட்டைக் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன்பும் கூட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் இயக்கத்தின் ஊழியர் செய்ய வேண்டிய முதல் வேலை எளியது. ஊரின் குளங்களை எண்ண வேண்டும். பதிவேட்டில் உள்ளவை எத்தனை, நிலத்தில் எஞ்சியவை எத்தனை, இடைப்பட்டவை யாருடைய பெயரில் உள்ளன என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும். அடுத்த வறட்சிக்கு முன்பே இப்பணி தொடங்கட்டும்.